மின்பொறியியலில் முதற் பெண்மணி

பாலாற்றின் கரையில், சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் ஆம்பூர். தோல் பதனிடும் தொழிலாலும் காலணி செய்யும் தொழிலாலும் அவ்வூரின் பெயர் கடல் கடந்த நாடுகளிலும் அறியப்படுகிறது. காலைப் பொழுதில் அவ்வூர்ச் சாலைகளில் நிற்பவர் ஒரு காட்சியைக் காண்பர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பெண்கள் கையில் உணவுத் தூக்குடன் காலணித் தொழிற்சாலைகளை நோக்கிக் கூட்டங் கூட்டமாக விரைந்து செல்வர். சற்று நேரத்தில் ஆலைகளுக்குள் வரிசை வரிசையாக அமைந்த தையற்பொறிகள் ஒருங்கே ஒலியெழுப்பத் தொடங்கும். வெட்டிய தோல் துண்டுகள் அப்பெண்களின் கைத்திறத்தால் அழகிய காலணிகளாக உருப்பெறும்.

அப்பொறிகளை இயக்குவது மின்னாற்றல். அது ஆலைக்குள் பிறப்பதன்று. தொலைவிலுள்ள மின்நிலையங்களில் தோன்றி, உயர்ந்த கோபுரங்கள் தாங்கி நிற்கும் கம்பிகளின் வழியே காடும் மலையும் கடந்து வந்து, ஊருக்கு வெளியேயுள்ள துணைமின் நிலையத்தில் அழுத்தம் தணிந்து, அதன் பின்னரே ஆலையை அடைகிறது. அம்மின்னாற்றலைக் கொண்டு தொழில் செய்யும் கைகளுள் பெண்களின் கைகள் மிகப் பல. ஆனால், அதனை ஆக்கவும், செலுத்தவும், காக்கவும் திட்டமிடும் கைகளுள் பெண்களின் கைகளுக்கு இடமுண்டா? ஒரு காலத்தில் இவ்வினாவை எழுப்பவும் எவரும் நினைத்ததில்லை. அதனை எழுப்பாமலே, தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. அவரே இந்திய நாட்டின் முதல் பெண் மின்பொறியாளராகிய லலிதா அம்மையார்.

காலத்தின் நிலை

லலிதா அம்மையார் பிறந்த காலத்தில் தமிழகத்துப் பெண்கல்வி இளஞ்செடியாக இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் இராணி மேரிக் கல்லூரி பெண்களுக்கெனத் தோன்றியது. ஆம்பூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இவ்வாறு ஆசிரியர் தொழிலும் மருத்துவத் தொழிலும் பெண்களுக்குச் சிறிது சிறிதாக வழிவிட்டன.

பொறியியலோ முற்றிலும் ஆடவர் துறையாகவே இருந்தது. பாலம் கட்டுதல், பொறி இயக்குதல், மின்கம்பி அமைத்தல் ஆகியவை பெண்களின் இயல்புக்கு ஒவ்வாதவை என்று மக்கள் எண்ணினர். அவ்வெண்ணத்துக்குச் சான்று ஏதும் இல்லை. பழக்கம் ஒன்றே அதற்கு வேராக இருந்தது. பெண்கள் அத்துறையில் இல்லாமையால் அவர்களால் இயலாது என்றனர். இயலாது என்றமையால் அவர்களைச் சேர்க்கவில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் ஒருவர் உடைக்க வேண்டியிருந்தது.

பிறப்பும் இளமையும்

லலிதா 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் சென்னை மாநகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியராக விளங்கியவர். இல்லத்தில் பிள்ளைகள் பலர். அவருடைய உடன்பிறந்த ஆண்கள் பொறியியல் பயின்றனர். பெண்களுக்கு அக்காலத்து வழக்கப்படி அடிப்படைக் கல்வியே போதுமெனக் கருதப்பட்டது. எனினும், மின்விசையைப் பற்றியும் பொறிகளைப் பற்றியும் பேச்சு நிகழும் இல்லத்தில் வளரும் குழந்தையின் செவிக்கு வேலி போட இயலுமா? அச்சொற்கள் லலிதாவுக்குச் சிறு வயது முதலே அயலானவையாக இருந்திருக்க மாட்டா.

அவர் வளர்ந்து வந்த ஆண்டுகள் சென்னை மாகாணத்தில் மின்னாற்றல் பரவி வந்த ஆண்டுகள். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. காவிரியின் குறுக்கே கட்டிய மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அருவியும் ஆறும் ஒளியாக மாறி ஊர்களை அடையத் தொடங்கின. நாடு புதிய தொழில்களுக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக் கொண்டிருந்தது.

மேட்டூர் அணை நிறைவெய்திய அதே 1934-ஆம் ஆண்டில் லலிதாவுக்குத் திருமணம் நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது பதினைந்து. திருமணத்தோடு பெண்ணின் படிப்பை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். எனினும், லலிதா பள்ளியிறுதி வகுப்பு வரை பயில்வதற்குத் தந்தையார் வழிசெய்தார். சிறிதாகத் தோன்றும் இச்செயலே பின்னாளில் பெரும் பயன் விளைத்தது.

துயரும் துணிவும்

1937-ஆம் ஆண்டில் லலிதா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குழந்தைக்கு நான்கு திங்கள் நிறைவதற்குள் கணவர் மறைந்தார். பதினெட்டு வயதில், கையில் பச்சிளங்குழந்தையுடன் லலிதா கைம்பெண்ணானார்.

அக்காலத்தில் கைம்பெண்ணின் நிலை இரங்கத்தக்கது. மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு இடமில்லை. நல்லாடையும் அணிகலனும் அவளுக்கு மறுக்கப்பட்டன. உற்றார் உறவினர் வீட்டு அடுக்களையில் உழைத்து, பிறர் தரும் உணவை உண்டு, எஞ்சிய நாளைக் கழிப்பதே அவளுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. மணமாகாத பெண்ணுக்கே உயர்கல்வி அரிதாக இருந்த நாளில், குழந்தையுடன் நின்ற இளங் கைம்பெண்ணுக்குக் கல்வி எங்ஙனம் கிட்டும்?

லலிதா தந்தையார் இல்லத்துக்குத் திரும்பினார். வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பதில்லை என அவர் உறுதி கொண்டார். தாமே கற்று, தாமே பொருளீட்டி, தம் மகளை வளர்க்க வேண்டும் என்பதே அவ்வுறுதியின் உட்பொருள். தந்தையாரும் ஊரார் பேச்சுக்கு அஞ்சாது மகளுக்குத் துணை நின்றார். லலிதா இராணி மேரிக் கல்லூரியிற் சேர்ந்து இடைநிலை வகுப்பில் முதல் தரத்தில் தேறினார்.

அடுத்து எத்துறையில் புகுவது என்ற வினா எழுந்தது. மருத்துவம் பெண்களுக்குத் திறந்திருந்த வழி. லலிதா அதனையும் எண்ணிப் பார்த்தார். ஆனால், மருத்துவர் இரவென்றும் பகலென்றும் பாராது நோயாளியின் அழைப்புக்கு எழுந்து செல்ல வேண்டும். துணைக்கு எவருமின்றிக் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு அது பொருந்தாது. காலையில் தொடங்கி மாலையில் முடியும் பணியே தமக்கு ஏற்றதென அவர் கருதினார். தந்தையாரும் உடன்பிறந்தாரும் பயின்ற பொறியியலை அவர் தேர்ந்தது இவ்வாறே. புகழையோ புதுமையையோ நாடி அவர் அத்துறைக்குச் செல்லவில்லை. ஒரு தாயின் தேவை அவரை அங்கே அழைத்துச் சென்றது.

கிண்டிக் கல்லூரி

கிண்டிப் பொறியியற் கல்லூரி மிகத் தொன்மை வாய்ந்தது. 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, காலப்போக்கில் பெருங் கல்லூரியாக வளர்ந்தது. அதன் நீண்ட வரலாற்றில் அன்று வரை ஒரு பெண்ணும் அங்கே மாணவியாகச் சேர்ந்ததில்லை. பெண்களைச் சேர்ப்பதற்குரிய வழக்கமே அங்கு இல்லை.

சுப்பாராவ் தம் மகளின் விருப்பத்தைக் கல்லூரி முதல்வராகிய சாக்கோ அவர்களிடம் தெரிவித்தார். மாகாணக் கல்வித்துறை இயக்குநராக இருந்த ஸ்டேதம் அவர்களிடமும் இசைவு வேண்டினார். இருவரும் தடை கூறாது இசைந்தனர். பேராசிரியரின் மகள் என்ற நிலை லலிதாவுக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அவரைப் போன்றே அறிவும் ஆர்வமும் உடைய பெண்கள் எத்தனையோ பேர், எடுத்துச் சொல்வார் இன்மையால் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1940-ஆம் ஆண்டளவில் லலிதா நான்காண்டு மின்பொறியியற் படிப்பில் சேர்ந்தார். கல்லூரியில் பயின்ற ஆடவர் பல நூற்றுவர். பெண் அவர் ஒருவரே. அவருக்கெனத் தனி விடுதி அமைத்துத் தரப்பட்டது. குழந்தை உறவினர் இல்லத்தில் வளர்ந்தது. வார இறுதியில் லலிதா அங்குச் சென்று மகளைக் கண்டு மீள்வார். ஐந்து நாள் மாணவி, இரண்டு நாள் தாய் என அவர் வாழ்வு நடந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் அவரை மதிப்போடு நடத்தினர். ஆயினும் தனிமை ஒரு பெருஞ் சுமை. மாலையில் பாடத்தைப் பற்றிக் கலந்து பேசுவதற்கும், ஐயம் கேட்பதற்கும், சிரித்து மகிழ்வதற்கும் விடுதியில் மற்றொருவர் இல்லை. ஒரு துறையில் ஒரேயொருவரை மட்டும் சேர்த்துவிட்டால் கதவு திறந்ததாகாது என்ற உண்மையை அவ்விடுதியின் அமைதி உணர்த்தியது. தந்தையார் அதனை அறிந்து மீண்டும் கல்லூரித் தலைவர்களை அணுகினார். பெண்களும் பொறியியற் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என அவர் வற்புறுத்தினார். அவ்வாறே அறிவிப்பு வெளிவந்தது. அதனைக் கண்டு விண்ணப்பித்த லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் வகுப்பிற் சேர்ந்தனர். ஒருவர் நின்ற இடத்தில் மூவர் ஆயினர்.

இந்நிகழ்ச்சி எண்ணிப் பார்க்கத்தக்கது. லலிதாவுக்குக் கிடைத்த இடம் தந்தையார் கேட்டுப் பெற்றது. மற்ற இருவருக்கும் கிடைத்த இடமோ அறிவிப்பின் வழியே வந்தது. முன்னது ஒருவருக்கு மட்டும் பயன்படும்; பின்னது தகுதியுடையார் அனைவருக்கும் பொது.

பட்டமும் பயிற்சியும்

அது இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலம். போரின் தேவையை ஒட்டிப் படிப்புக் காலம் சுருக்கப்பட்டது. ஆதலின், லலிதாவுக்குப் பின் சேர்ந்த தோழியர் இருவரும் அவருடன் ஒரே காலத்தில் படிப்பை முடித்தனர். 1943-ஆம் ஆண்டில் மூவரும் பொறியியற் பட்டத்துக்கு உரியவராயினர்.

பட்டச் சான்றிதழை எழுத முற்பட்டபோது ஒரு புதுமை நேர்ந்தது. அச்சிட்ட படிவத்தில் பட்டம் பெறுவோரைக் குறிக்க ஆண்பாற் சொல்லே இருந்தது. பெண்பாற் சொல்லுக்கு ஒருநாள் தேவை வரும் என்று படிவத்தை அமைத்தோர் நினைத்ததில்லை. ஆதலின், அச்சிட்ட ஆண்பாற் சொல்லை மையால் அடித்துவிட்டு, அதன் மேல் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதித் தந்தனர். ஒரு சொல்லின் மேல் இட்ட அச்சிறு கோடு ஒன்றரை நூற்றாண்டு வழக்கத்தின் மேல் இட்ட கோடாகும்.

ஏட்டுக் கல்வியோடு தொழிற்பயிற்சியும் பெற்றாலன்றிப் பொறியாளர் முழுமை பெறார். லலிதா பீகார் மாநிலத்திலுள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டுக் காலம் பயிற்சி பெற்றார். 1862-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பணிமனை இரயில் எந்திரங்களைச் செப்பனிடுவதிற் பெயர் பெற்றது. உலைக்களமும் சம்மட்டி ஓசையும் நிறைந்த அவ்விடத்தில் அவர் தம் கல்விக்குச் செயலறிவைத் துணை சேர்த்தார்.

சிம்லாவும் சென்னையும்

பயிற்சி முடிந்ததும் சிம்லாவிலிருந்த மத்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் பொறியியல் உதவியாளர் பணி அவருக்குக் கிடைத்தது. உடன்பிறந்தார் ஒருவர் குடும்பத்துடன் அங்கிருந்தமையால், லலிதா மகளைத் தம்முடன் வைத்துக்கொண்டு வேலைக்குச் செல்ல இயன்றது. அக்காலத்திலேயே அவர் இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேர்ச்சியடைந்தார்.

பின்னர்ச் சிறிது காலம் சென்னையில் தந்தையாரின் ஆராய்ச்சிக்குத் துணைபுரிந்தார். சுப்பாராவ் மின்னாற்றலால் இயங்கும் ஓர் இசைக்கருவியையும், புகையில்லா அடுப்பையும், வேறு சில கருவிகளையும் உருவாக்க முயன்று வந்தார். புகை சூழ்ந்த அடுக்களையிற் கண் கலங்கி நிற்கும் பெண்களுக்குப் புகையில்லா அடுப்பு எத்துணை நன்மை தரும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆராய்ச்சி உள்ளத்துக்கு நிறைவளித்தது. ஆனால், குடும்பத்தைத் தாங்கும் வருவாயை அளிக்கவில்லை. மகளின் எதிர்காலத்தை எண்ணிய லலிதா நிலையான வேறு பணியை நாடினார்.

கல்கத்தாப் பணி

1948-ஆம் ஆண்டில் லலிதா கல்கத்தாவில் இருந்த அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் பொறியியற் பிரிவிற் சேர்ந்தார். கல்கத்தாவிலும் உடன்பிறந்தார் ஒருவர் குடும்பம் இருந்தது. லலிதாவும் மகளும் அக்குடும்பத்தோடு வாழ்ந்தனர். அவர் பணியாற்றும் வேளையில் மகளைப் பேண அன்புடைய கைகள் இருந்தன. ஒரு பெண் வெளியுலகில் உயர்வதற்கு இல்லத்தில் உள்ளோர் தரும் துணை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்வாழ்க்கை நல்ல சான்று.

மின்சாரத்தைச் செலுத்தும் தடங்களை வடிவமைத்தல், துணைமின் நிலையங்களின் அமைப்பை வரைதல், மின்காப்புக் கருவிகளைப் பொருத்துவதற்குத் திட்டமிடுதல் ஆகியவை அவருடைய பணிகள். இவற்றின் அருமையைச் சிறிது விளக்குதல் நலம்.

மின்னோட்டம் கம்பியிற் செல்லும்போது கம்பி சூடேறுகிறது. அவ்வெப்பமாக மின்னாற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மின்னோட்டம் பாதியானால் இழப்பு காற்பங்காகக் குறையும். மின்னழுத்தத்தை உயர்த்தினால், குறைந்த மின்னோட்டத்தைக் கொண்டே அதே அளவு ஆற்றலைச் செலுத்தலாம். ஆதலின், மின்நிலையத்தில் மின்மாற்றிகளின் உதவியால் அழுத்தத்தைப் பல பதினாயிரம் வோல்ட்டு அளவுக்கும், சில இடங்களில் இரண்டு இலட்சம் வோல்ட்டுக்கு மேலும் உயர்த்திக் கம்பிகளில் செலுத்துவர். இல்லங்களில் நாம் பயன்படுத்துவதோ 230 வோல்ட்டு அளவே. இடையேயுள்ள துணைமின் நிலையங்கள் அழுத்தத்தைப் படிப்படியாகத் தணித்து வழங்குகின்றன.

இத்தகைய பேரழுத்தத்தைக் கையாளும் இடத்தில் எள்ளளவு பிழையும் பெருங்கேடு விளைக்கும். இடி தாக்கினாலும், கம்பி அறுந்து வீழ்ந்தாலும், இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் மின்னோட்டம் அளவு கடந்து பெருகும். அதனைக் கண நேரத்தில் உணர்ந்து, பழுதுற்ற பகுதியை மட்டும் துண்டித்து, ஏனைய பகுதிகளைக் காப்பன மின்காப்புக் கருவிகள். எந்தக் கருவி முதலிற் செயற்பட வேண்டும், எது அடுத்துச் செயற்பட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அமைத்தல் வேண்டும். காப்புக் கருவி பழுதற்றிருக்கும் வரை அதனை ஒருவரும் நினைப்பதில்லை. அதனை அமைத்தவரையும் நினைப்பதில்லை. ஆயினும், ஊர் உறங்கும்போது விழித்திருப்பது அக்கருவியே. அத்தகைய பணியில் லலிதா அம்மையார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஈடுபட்டிருந்தார்.

அவர் பங்கு கொண்ட பணிகளுள் தலைசிறந்தது பக்ரா நங்கல் திட்டம் சார்ந்த மின்பணியாகும். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரத்துக்கு எழுந்த பக்ரா அணையைப் பிரதமர் நேரு 1963-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாட்டுக்கு உரிமையாக்கினார். வறண்ட நிலங்களுக்கு நீரையும், இருண்ட ஊர்களுக்கு ஒளியையும் தந்த அம்மாபெரும் முயற்சியில் சென்னையிற் பிறந்த ஒரு பெண்ணின் அறிவும் கலந்திருந்தது.

பின்னாளில் அந்நிறுவனம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி என்னும் மற்றோர் ஆங்கிலேய நிறுவனத்தோடு இணைந்தது. பெயர் மாறிய போதும் அம்மையாரின் பணி மாறவில்லை. 1977-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அவர் அங்கேயே கடமையாற்றினார்.

உலக அரங்கில்

அம்மையாரின் திறமை அயல்நாடுகளிலும் மதிப்பைப் பெற்றது. இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953-ஆம் ஆண்டில் அவரை இணை உறுப்பினராகவும், 1966-ஆம் ஆண்டில் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது.

1964-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க்கு நகரில் பெண் பொறியாளர், அறிவியலாளர் ஆகியோரின் முதல் உலக மாநாடு கூடியது. உலகின் பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பெண்கள் அதற்கு வந்தனர். பெண் பொறியாளருக்கெனச் சங்கம் ஏதும் அன்று இந்தியாவில் இல்லை. ஆதலின், லலிதா அம்மையார் எச்சங்கத்தின் சார்பாகவும் அன்றித் தாமே சென்று அம்மாநாட்டிற் கலந்துகொண்டார். கிண்டிக் கல்லூரி விடுதியில் பேசுவதற்கு ஒரு துணையின்றி இருந்தவர், நியூயார்க்கு மாநாட்டில் தம்மைப் போன்றே தத்தம் நாட்டில் தனித்து வழி கண்ட பெண்களின் நடுவே அமர்ந்தார். எவ்வளவு பொருத்தமான காட்சி!

மாநாட்டோடு அவர் அமைதி கொள்ளவில்லை. இலண்டன் மகளிர் பொறியியற் சங்கத்தில் 1965-ஆம் ஆண்டில் உறுப்பினரானார். 1967-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் அவ்வுலக மாநாடு இரண்டாம் முறை கூடியபோது, அச்சங்கத்தின் இந்தியப் பிரதிநிதியாக இருந்து உழைத்தார். முதல் மாநாட்டுக்குத் தனியே சென்ற அவர், இரண்டாம் மாநாட்டில் இந்தியப் பெண் பொறியாளர் பிறரும் பங்குபெறத் துணைபுரிந்தார். தாம் கடந்து வந்த கதவைப் பின்னால் வருவோருக்காகத் திறந்து வைப்பது அவருடைய இயல்பாக இருந்தது.

தாயாகிய பொறியாளர்

லலிதா அம்மையார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து மீண்டதும் மகளின் படிப்பையும் நலத்தையும் கவனிப்பதில் நேரத்தைச் செலவிட்டார். தம் நிலையைக் கூறிப் பிறரிடம் இரக்கத்தை நாடியவர் அல்லர். மகள் தந்தையில்லாக் குறையை உணராதபடி வளர்த்து, உயர்கல்வி பெறச் செய்தார். அம்மகள் கணிதம் கற்பிக்கும் ஆசிரியையாக விளங்கினார். எக்குழந்தையின் பொருட்டு அவர் பொறியியலைத் தேர்ந்தாரோ, அக்குழந்தை கற்று உயர்ந்ததே அவருடைய தேர்வுக்குக் கிடைத்த முதற் பரிசு.

அவர் தம் தோழியரோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவர். கிண்டியில் அவருடன் பயின்ற திரேசியா அம்மையார் கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1971-ஆம் ஆண்டில் தலைமைப் பொறியாளர் ஆனார். நம் நாட்டில் அப்பதவியை அடைந்த முதற் பெண் அவரே. லீலாம்மா ஜார்ஜ் அம்மையாரும் பொதுப்பணித் துறையில் தொண்டாற்றினார். கல்லூரி வெளியிட்ட ஓர் அறிவிப்பு எத்தகைய பயனை விளைத்தது என்பதற்கு இவர்கள் வாழ்க்கையே சான்று.

மறைவும் பயனும்

ஓய்வு பெற்ற இரண்டாண்டுகளில், 1979-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் லலிதா அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. நீண்ட ஓய்வை நுகர அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால், செய்து முடிக்க வேண்டிய பணியைச் செய்து முடித்தே அவர் சென்றார்.

அவர் காலத்தினும் இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. பொறியியற் கல்லூரிகளில் மாணவியர் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர். மின்வாரியங்களிலும் மின்நிலையங்களிலும் பெண் பொறியாளர்கள் பணிபுரிகின்றனர். காற்றாலை, கதிரவன் ஒளி ஆகியவற்றிலிருந்து மின்னாற்றல் பெறும் புதிய துறைகளிலும் பெண்கள் புகுந்துள்ளனர். ஆயினும், பயிலும் பெண்களின் தொகையோடு ஒப்பிட்டால், ஆற்றல் துறையில் நிலைத்துப் பணியாற்றுவோர் தொகை குறைவே. தலைமைப் பதவியை அடைவோர் தொகை அதனினும் குறைவு. இரவுப் பணிக்குத் தக்க பாதுகாப்பு, குழந்தையைப் பேணும் வசதி, தகுதி ஒன்றையே நோக்கும் பதவி உயர்வு ஆகியவை அமைந்தாலன்றி அக்குறை நீங்காது. லலிதா அம்மையாருக்குத் தந்தையாரும் உடன்பிறந்தாரும் தனித் துணையாக வாய்த்தனர். எல்லாப் பெண்களுக்கும் அத்தகைய துணை வாய்ப்பதில்லை. ஒருவருக்கு நற்பேற்றால் கிடைத்ததைப் பலருக்கும் உரிமையாக வழங்குவதே நல்ல சமுதாயத்தின் கடமை.

ஆம்பூர்க் காலணி ஆலையில் தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் தாய்மார் பலர் தம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டே பணிக்கு வருகின்றனர். மாலையில் வீடு திரும்பும் தாய் விளக்கை ஏற்றுகிறாள். அவ்வொளியில் மகள் கணக்குப் பாடத்தை விரித்துப் படிக்கிறாள். தன் தாயின் பொறியை இயக்கிய மின்னாற்றலை நாளை ஆக்கவும் காக்கவும் அம்மகள் பயில விரும்பினால், அது புதுமையான விருப்பமன்று. அவ்வழியில் முன்னரே ஒருவர் நடந்து சென்றிருக்கிறார். கைக்குழந்தையையும் கண்ணீரையும் சுமந்துகொண்டு அவர் நடந்த அவ்வழி, பின்வருவோர் தனிமையின்றி நடத்தற்குரிய பெருவழியாக விரிதல் வேண்டும்.